உயிரோடிருக்கும் அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

உயிரோடிருக்கும் உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம். நலம் என்று எழுதுவது கடிதத்தில் ஒரு சம்பிரதாயம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இந்த முறை அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

போனில் கூப்பிட்டுத் திட்டாமல் இந்த அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசிப்பாய். சத்தமாகப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன்னிடம் மெதுவாகப் பேச இப்போது எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். தொண்டை விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீ செய்த காரியத்துக்கு வருவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் சித்தி போன் செய்தாள். உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். தொண்டை கட்டிக்கிடந்ததால் "ஹலோ" என்றது பாதி காற்றாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் ஓர் அலறல். பிறகு போன் எங்கேயோ மோதி விழுகிற சத்தம். அவள் கூப்பிட்டது உன் அப்பாவிடம் துக்கம் விசாரிக்க! செத்துப்போன அக்காவே போனை எடுத்தால் அவள்தான் என்ன செய்வாள், பாவம். உன் சித்தப்பா போனை வாங்கி, "யாருங்க பேசறது?" என்றார். நான்தான் என்றேன். "நான்தான்னா யாரு?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது அவர் மயங்கி விழுந்த கதையைச் சொன்ன பிறகுதான் மனிதர் நம்பினார். என் தங்கை வீட்டுக்காரரிடம் நான் நான்தான் என்று சாட்சி சொல்ல வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாயே, நன்றாக இருக்கிறதா?

அதற்குப் பிறகு சித்தி அனுப்பிய உன் பேட்டி வீடியோவைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு, கண்ணுக்கு மை, பின்னால் புகை. பேட்டி எடுத்த பெண் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், "அந்தப் பாட்டுல வர்ற பேய்க்குரல் யாரோடது? இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க" என்று. நீ தலையைக் குனிகிறாய். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பாயே, அதே குனிவு. மூக்கை லேசாக உறிஞ்சிக்கொண்டு, "அது எங்க அம்மா. அவங்க இப்ப இல்ல" என்றாய். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயும் துடைத்துக்கொண்டாய். அடப்பாவி! அந்த நேரத்தில் நான் இங்கே உன் பழைய போர்வையை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இது வேறு. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். உன் அப்பாவிடம் சொன்னால், அவருக்கு அது இரண்டு நாள் முன்பே தெரியுமாம்! அவர் ஓட்டும் பள்ளி வேனில் வரும் ஒரு குழந்தையின் தாயார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாராம். சொன்னவர் மனசு நோகக்கூடாதாம், இவர் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். குழந்தைகள், "அங்கிள், உங்க வீட்டுல நிஜமாவே பேய் இருக்கா?" என்று கேட்டதற்கு, "இருக்கு, ஆனா நேரத்துக்குச் சாப்பாடு போட்டுடும்" என்றாராம். எனக்கு வாய்த்த புருஷனையும் பெற்ற பிள்ளையையும் என்னவென்று சொல்வது!

சரி, இந்தப் பேய் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். பேட்டிகளில் கதை அளந்து அளந்து உனக்கே உண்மை மறந்து போயிருக்கும்.

நான் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் பேருந்து நிலையத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பெட்டி. வருஷக்கணக்காக யாரும் தேடி வரவில்லை. உள்ளே முழுக்கப் பழைய பேய்க்கதைப் புத்தகங்கள். தூக்கிப் போடப் போனார்கள், என் பிள்ளை படிப்பான் என்று நான்தான் கேட்டு வாங்கி வீட்டுக்குச் சுமந்து வந்தேன். நீ பரீட்சைக்குக் கூட அப்படிக் கண் விழித்துப் படித்ததில்லை. நானும் சிலதைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு மாளிகை, ஒரு மூடுபனி, ஒரு மெழுகுவர்த்தி, படிக்கட்டில் மயங்கி விழ ஒரு பெண். எந்தக் கதையிலாவது ஒருத்தி வேலைக்குப் போய்விட்டு வந்து துணி மடிக்கிறாளா? ஒன்று அறையில் பூட்டப்பட்டிருப்பாள், இல்லையென்றால் இருமிக்கொண்டிருப்பாள், அதுவும் இல்லையென்றால் செத்திருப்பாள். அப்போதே உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய். இப்போது புரிகிறது, அதில் நீ கற்றுக்கொண்ட பாடம் என்னவென்று.

அந்தப் பெட்டியிலிருந்துதான் உன் "சாம்பல் மாளிகை" ஆல்பம் பிறந்தது. ஒரே கதையைப் பத்துப் பாட்டாகச் சொல்வது என்று நீ விளக்கியபோது நான் மெய்மறந்து கேட்டேன். மலைமேல் மாளிகை, அதன் எஜமான், செத்துப்போன மனைவியைப் புதைக்க மனசில்லாமல் அவள் அறையை அப்படியே சுவர் வைத்து அடைத்துவிடுகிறான், அவள் உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். கடைசிப் பாட்டில் அவன் சுவரை உடைக்கும்போது உள்ளே யாரும் இல்லை. நல்ல கதை, நான் இல்லையென்று சொல்லவில்லை. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் கொஞ்சம் அதிகம் என்று சொன்னேன், நீயும் குறைத்தாய்.

அந்த மனைவிக்காகப் பாட வேண்டிய பெண் அன்றைக்கு வரவில்லை. அவளுக்குப் பதிலாகப் பாட நான் வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கழுவுவதற்காக, நீங்கள் ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்த மொட்டை மாடிக்கு வந்தேன், கையில் தேய்க்கிற பிரஷ். "அம்மா, சும்மா ட்ராக் பாடிக் குடும்மா. அளவுக்குத்தான். அப்புறம் வேற ஆள வெச்சு மாத்திடுவோம்" என்று நீதான் கெஞ்சினாய். காலித் தொட்டிக்குள் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டாய். நான் தொட்டி வாயில் குனிந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு பாடினேன். விழுந்துவிடக்கூடாது என்று உன் டிரம்ஸ்காரன் மொட்டை என் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டான். "கதவைத் திற, கை குளிருது." இதுதான் வரி. மூன்றாவது முறை பாடும்போது குரல் கிழிந்தது. தொண்டை கரகரக்கிறது, இன்னொரு தரம் பாடுகிறேன் என்றேன். "அந்தக் கரகரப்புதான்மா வேணும், தொடாத" என்று குதித்தாய்.

அந்தத் தொட்டிதான் இப்போது பத்திரிகைகளில் "நூற்றாண்டுக் கல்லறையின் எதிரொலி" என்று வருகிறது. போன மாதம் அதில் பாசி பிடித்து மறுபடியும் கழுவினேன்.

முதலில் நீ சொன்ன பொய்யை நான் பொறுத்துக்கொண்டேன். பாழடைந்த மாளிகையில் ரெக்கார்டிங் செய்தோம், யாரும் பாடாத ஒரு குரல் தானாக வந்து பதிவாகியிருந்தது என்று ஊர் முழுக்க காதில் பூச் சுற்றினாய். அட்டையில் மொட்டை பெயர் இருக்கிறது, கிடார்காரன் பெயர் இருக்கிறது, டீ வாங்கி வந்தவனுக்குக்கூட நன்றி இருக்கிறது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பேய்க்கு எதுக்கும்மா பேரு?" என்றாய். சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் போனில் அந்தப் பாட்டைக் கேட்கும். "மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் பேருந்து" என்று நான் மைக்கில் ஆரம்பிப்பேன். ஒரே குரலை இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று எனக்குள் ஒரே சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் என் அம்மாவுக்கு ரேடியோவில் வேலை என்று சொல்லித் திரிந்தவன்தானே நீ. அதையும் சிரித்துக்கொண்டுதான் விட்டேன்.

ஆனால் பெயர் தெரியாத பேயாக இருப்பது வேறு. செத்துப்போன அம்மாவாக இருப்பது வேறு. உனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லையா, இல்லை தெரிந்தே செய்தாயா?

வீடியோவைப் பார்த்த அன்றே உனக்கு மெசேஜ் போட்டேன். நீ பதிலுக்குப் பேசி அனுப்பியதை இன்னும் வைத்திருக்கிறேன். "அம்மா, கோச்சுக்காத. அந்த நேரத்துல வாயில வந்துடுச்சு. இப்ப மாத்திச் சொன்னா எல்லாம் போச்சு, மேனேஜர் என்னைக் கொன்னுடுவாரு. டூர் முடியற வரைக்கும் கொஞ்சம் வெளியில தெரியாம இரும்மா, ப்ளீஸ்." இதற்கு என்னடா அர்த்தம்? டூர் முடிகிறவரை செத்திரு என்றுதானே? மேனேஜர் உன்னைக் கொன்றுவிடுவார் என்று நீ என்னைக் கொன்றாய். முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம்? அம்மா பிழைத்து வந்துவிட்டாள் என்று இன்னொரு ஆல்பமா?

இருந்தும் நீ சொன்னபடி இருந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொண்டை சரியாகும்வரை மைக் பக்கம் போகாதே என்று சொல்லி, என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டர் பெண்தான் இப்போது அறிவிப்புச் சொல்கிறாள். ஒரு ஊர்ப் பெயர் விடாமல் கடித்துத் துப்புகிறாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாம் கறுப்பு உடை, கையில் வெள்ளைப் பூங்கொத்து, ஒரு மெழுகுவர்த்தி. உன் அம்மா எங்கே வேலை பார்த்தாள் என்று இந்த ஊர்க்காரர் யாரோ வீடியோவுக்குக் கீழே எழுதிவிட்டாராம். நேராக என்னிடம்தான் வந்தார்கள். "ஆன்ட்டி, இங்க அனவுன்ஸ்மென்ட் பண்ணிட்டிருந்த அந்த அம்மா எந்தச் சேர்ல உக்காருவாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

நான்தான் அது என்று நாக்கு நுனிவரை வந்தது. டூர் முடிகிறவரை என்றாயே, அது ஞாபகம் வந்து தொலைத்தது. கையை நீட்டி என் நாற்காலியைக் காட்டினேன். நல்லவேளை, கவுண்டர் பெண் அப்போது டீ குடிக்கப் போயிருந்தாள். அவர்கள் என் நாற்காலியில் பூவை வைத்தார்கள். குஷன் கிழிந்த இடத்தில் நான் ஒட்டிய டேப்பின் மேல். கேட்ட பெண் நிஜமாகவே அழுதாள். "என் அம்மாவும் இல்ல ஆன்ட்டி, இந்தப் பாட்டுதான் கேப்பேன்" என்றாள். அப்புறம் போனை என் கையில் கொடுத்து, நாற்காலியோடு சேர்த்து எங்களை ஒரு போட்டோ எடுங்கள் என்றாள். எடுத்துக்கொடுத்தேன். ஒருத்தி கண்ணை மூடிவிட்டாள் என்று இன்னொன்றும் எடுத்தேன்.

அவர்கள் போன பிறகு சூப்பர்வைசர் வந்து, பஸ் நிற்கிற இடத்தில் யார் மெழுகுவர்த்தி ஏற்றியது என்று என்னிடம்தான் கத்தினார். அந்தப் பூவை நானே எடுத்துத் தண்ணீரில் வைத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நிஜமாகத் தாயை இழந்த பிள்ளையிடமிருந்து நீ அழுகையைத் திருடியிருக்கிறாய். என்னைச் சாகடித்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன், பெற்றவளாயிற்றே. இதற்கு நீ அவளிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்போது தொண்டை விஷயம். பயப்படாதே. பயப்பட்டாலும் நல்லதுதான், கொஞ்சம் பயப்படு.

உன் பாட்டு வந்த புதிதில் நான் அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது "கதவைத் திற" வரும்போது குரல் கிழிகிறதே, அந்த இடம் எனக்கு மனப்பாடம். மைக்கில் பேசும்போது அதே உயரத்துக்குக் குரல் போனால் அதே மாதிரி கிழிவதைக் கவனித்தேன். முதலில் பஸ் புகை என்று நினைத்தேன். வெந்நீர் குடித்தேன், தொண்டைக்கு மாத்திரை சப்பினேன். லீவு போட்டு வாயே திறக்காமல் இருந்து பார்த்தேன். திரும்பி வந்து முதல் அறிவிப்பிலேயே அதே இடத்தில் கிழிந்தது. பாட்டு மட்டும் இல்லையென்றால் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். அதன்பிறகுதான், திங்கட்கிழமை, டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, போனில் உன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனில் இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அப்பவே இருந்திருக்கு" என்றார். பாடியது யார் என்றார். நான்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க இறந்துட்டதா இல்ல அவங்க பையன் சொன்னாரு?" அதற்குள் என் வாய்க்குள் லைட்டை விட்டுவிட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திறந்த வாயோடு கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தேன். லைட் வெளிச்சத்தால் வந்த தண்ணீர்தான் அது.

சின்னக் கட்டியாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை எடுக்கிறார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்களாம், எல்லாருக்கும் அப்படித்தான் செய்வார்களாம். அதன்பிறகு கொஞ்ச நாள் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. அப்புறம் என்ன குரல் வரும் என்று கேட்டேன். வந்த பிறகு பார்க்கலாம் என்றார். கெட்டிக்காரப் பெண், கையும் நிதானமாக இருக்கிறது. நீ அங்கே அதையும் இதையும் தேடிப் படித்துக் குழம்பாதே.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ இங்கே வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் கதவை அடைத்துவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொள்வாரே. நேற்று மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு வந்தவரைக் காணோம் என்று தேடினால், மொட்டை மாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறார். போன் நெஞ்சின் மேல் இருக்கிறது. என் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் திரும்பப் போடுகிறார். நான் கூப்பிடவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அதற்கு இரண்டாம் நாள், சனிக்கிழமை, உன் பெரிய கச்சேரி. நேரலையில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று மொட்டை சொன்னான். ஆமாம், அவன் எனக்கு போன் செய்துகொண்டுதான் இருக்கிறான். நீ சொன்ன பொய்யில் அவனுக்குச் சம்மதமில்லை. என் காலைப் பிடித்த கையாயிற்றே. அந்தப் பாட்டு வருவதற்கு முன்னால் நீ மைக் முன் நின்று, "இது எங்க அம்மா குரல். அவங்க உயிரோட இருக்காங்க. பேருந்து நிலையத்துல அறிவிப்புச் சொல்றாங்க. நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். என் பெயரையும் சொல்ல வேண்டும், முழுப்பெயர். புகை விடாமல் சொல். தலையைக் குனியாமல் சொல். ஆல்பம் போய்விடும் என்றால் போகட்டும். நல்ல பாட்டு என்றால் பாடினவள் உயிரோடிருந்தாலும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் அது பாட்டே இல்லை, என் சாவுதான் விற்றது என்று தெரிந்துகொள்.

நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன் என்று மிரட்டத்தான் முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். சனிக்கிழமை என்னால் எதுவும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பேன். அப்பா போனைப் பிடித்துக் காட்டுவார். நான் இருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்காகச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை. உன் கதையில் அந்த எஜமான் சுவரை உடைக்கப் போகும்போது உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீ அவ்வளவு தாமதம் செய்யாதே.

இன்னொன்றும் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு முன் ஒரு தரம் போன் செய். நீ சமாதானம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அழவும் வேண்டாம். பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னால் சொல்லட்டும், நான் பேசுவேன். எழுதித் திட்டியது எனக்குப் போதவில்லை. இந்தக் குரலிலேயே உன்னை ஒரு முறை ஆசை தீரத் திட்டிவிட வேண்டும். நீ பேசாமல் கேட்டுக்கொண்டிரு. வேண்டுமானால் பதிவு செய்து வைத்துக்கொள்.

குளிரில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு பாடாதே. நன்றாக இரு, கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா